குளிர்காலத்தில் வாத்துக்கு வேண்டுவது என்ன?

பனி பெய்து, ஏரிகள் இறுகி, மாதக்கணக்கில் தரை வெளுத்துக் கிடக்கும் தேசங்களில், வாத்தையும், கூஸ் என்று நம் பண்ணைக்காரர்கள் சொல்லும் பெருவாத்தையும் வளர்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: குளிர்காலத்தில் இப்பறவைகளுக்கு மனிதன் உஷ்ணம் அளிக்க வேண்டுமா, வேண்டுமானால் எவ்வளவு, எவ்வழியில்? தஞ்சை வயல்களில் அறுவடைக்குப் பின் மேயும் வாத்துக் கூட்டத்தைக் கண்டு பழகியவர்களுக்கு இக்கேள்வி அந்நியமாகத் தோன்றக்கூடும். ஆனால் நம் நாட்டிலேயே காஷ்மீரத்தில், டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீடிக்கும் ‘சில்லாய் கலான்’ என்னும் கடுங்குளிர்ப் பருவத்தில், தால் ஏரியின் ஓரங்கள் உறைந்துபோகின்றன. அத்தகைய ஏரிகளின் கரையில்தான் நாட்டின் முதல் பெருவாத்து இனமாகக் கர்னாலிலுள்ள தேசிய கால்நடை மரபணு வளக் கழகம் பதிவு செய்த ‘காஷ்மீர் அன்ஸ்’ வாழ்கிறது.

இக்கேள்விக்கு இதுவரை அளிக்கப்பட்ட விடைகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அடுப்பங்கரைக்கு அருகில் வைத்துக் காத்தவர்களும் உண்டு; தூவியே போதும், வெட்டவெளியில் விட்டாலும் கேடில்லை என்றவர்களும் உண்டு; கொட்டகையை இறுக அடைப்பதே பரிகாரம் என்றவர்களையும், அடைப்பதே நோய்க்கு மூலம் என்றவர்களையும் ஒரே நூற்றாண்டில் காண்கிறோம். ஒவ்வோர் அபிப்பிராயமும் எங்கே பிறந்தது, எந்தப் பறவையை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது என்று விசாரித்தால், இந்த முரண்பாட்டில் பெரும்பகுதி விளங்கும் என்று தோன்றுகிறது.

வீட்டினுள் குடிவைத்த வழக்கம்

மிகப் பழைய விடை, பறவையை மனிதன் தன் வாசஸ்தலத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டதுதான். கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்து ரோமானிய வேளாண்மையைப் பற்றி விரிவாக எழுதிய கொலுமெல்லா, பெருவாத்துகளுக்கு மூன்றடி அளவுள்ள தனித்தனி அறைகளைச் சொல்லுகிறார். குஞ்சுகளை முதல் நாட்களில் தாயுடன் உள்ளேயே வைத்திருந்து, பின்னர் வானம் தெளிந்த வேளையில் புல்வெளிக்கு இட்டுச் செல்ல வேண்டும் என்கிறார். இத்தாலியின் மென்குளிருக்கு அவ்வளவே போதுமாயிருந்தது.

வடக்கே போகப்போக இவ்வழக்கம் நெருக்கமான கூட்டுக் குடித்தனமாகவே மாறியது. 18-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு இயற்கை நூலாசிரியர் தாமஸ் பென்னன்ட், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் சதுப்பு நிலங்களில் தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில் அங்கே பெருவாத்துகள் மனிதரின் வீடுகளிலேயே, படுக்கையறைகளில்கூட, தங்கவைக்கப்பட்டன. சுவரோரமாகப் பிரம்புக் கூடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வரிசை. ஒவ்வொரு பறவைக்கும் தனிக் கூடு. நாளுக்கு இருமுறை மேய்ப்பன் அத்தனையையும் நீருக்கு ஓட்டிச் சென்று, திரும்பியதும் மேல் வரிசைக்குரியதை மேலும் கீழ் வரிசைக்குரியதைக் கீழுமாக, இடம் மாறாமல் ஏற்றி வைப்பான். அடைப் பறவையின் உஷ்ணத்துக்கு மனிதர் தம் உறக்கத்தையே பங்கிட்டுக் கொடுத்த இக்காட்சியை வியக்காமல் இருக்க முடியவில்லை.

19-ஆம் நூற்றாண்டில் பக்கிங்ஹாம்ஷயரின் அய்ல்ஸ்பரி நகரத்தார் செய்ததும் இவ்வகையே. பண்ணைகளிலிருந்து மாரிக்காலத்திலேயே வாத்து முட்டைகளை வாங்கி, கோழிகளை அடைவைத்துப் பொரித்து, குஞ்சுகளைக் குடிசை அறைகளில் வளர்த்து, எட்டு வாரம் ஆனதும் லண்டன் சந்தைக்கு ரயிலேற்றி அனுப்பினார்கள். பச்சை இறைச்சி அருகியிருந்த இளவேனிலின் தொடக்கத்தில் அதற்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் இவ்வனுபவத்திலிருந்து வளர்ந்த பறவைக்கும் அடுப்பனல் தேவை என்று முடிவு செய்வது பிழை. அய்ல்ஸ்பரிக் குடிசைகளில் இருந்தவை முழு இறகு முளைக்காத குஞ்சுகள். அவற்றுக்கு முட்டை தந்த தாய்ப் பறவைகளோ பண்ணைக் குட்டைகளிலேதான் இருந்தன. குஞ்சின் தேவையைத் தாயின் மேல் ஏற்றிச் சொல்லும் இந்த மயக்கம் இன்றுவரை தொடர்கிறது.

உடலே உலை என்னும் வாதம்

இதற்கு நேர் எதிரான அபிப்பிராயம், இயற்கையே போதிய ஏற்பாடு செய்திருக்கிறது என்பது. இதன் மூலம் தொன்மையானது. ஜெர்மானிய நாட்டுப் பெருவாத்தின் தூவி ஒரு ராத்தல் ஐந்து தெனாரியஸ் விலை பெற்றது என்றும், அதைப் பிடித்துவரக் காவல் படைகளையே அதிகாரிகள் அனுப்பிவிட்டனர் என்றும் ரோமானிய நூலாசிரியர் பிளினி எழுதுகிறார். அப்பறவை எவ்வாறு குளிரைத் தாங்குகிறது என்பதை ரோமானியர் தம் தலையணையிலேயே உணர்ந்திருந்தனர். விஞ்ஞான ஆதாரம் இருபதாம் நூற்றாண்டில்தான் திரண்டது.

வாத்தின் உடல் உஷ்ணம் ஏறத்தாழ 41 அல்லது 42 டிகிரி சென்டிகிரேட். உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரி குளிர்ந்த காற்றுக்கும் அவ்வுடலுக்கும் இடையே அறுபது டிகிரிக்கு மேற்பட்ட வேற்றுமையைத் தாங்கி நிற்பது, ஒரு விரல் கனமுள்ள தூவிப் படலமும் அதில் அகப்பட்ட அசையாக் காற்றுமே. பனி பொழியும்போது வெளியே அமர்ந்திருக்கும் பெருவாத்தின் முதுகில் பனி உருகாமல் படிந்திருப்பதைக் காணலாம். அனுபவமில்லாதவர் அதைப் பறவை விறைத்துப்போனதன் அடையாளமாகக் கொண்டு கலங்குவர். உண்மையில் அது உள்ளுஷ்ணம் வெளியே கசியவில்லை என்பதற்குச் சான்று.

இறகில்லாத காலைப் பற்றிய ஆட்சேபத்துக்கும் விடை கிடைத்தது. வாத்தின் காலில், உடலிலிருந்து இறங்கும் சூடான இரத்தக் குழாய்களும் பாதத்திலிருந்து ஏறும் குளிர்ந்த குழாய்களும் நெருங்கி ஓடுகின்றன; இறங்கும் இரத்தம் தன் சூட்டை ஏறும் இரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்தே பாதத்தை அடைவதால், பனிக்கட்டியின் மேல் நிற்கும்போதும் இழப்பு சொற்பம். பாதம் உறையும் நிலையை நெருங்கினால் குழாய்கள் விரிந்து சிறிது சூடான இரத்தத்தை உள்ளே விடுகின்றன. போதாதென்றால் பறவையே ஒற்றைக்காலில் நிற்கும்; அல்லது அமர்ந்து இரு கால்களையும் வயிற்றுத் தூவியில் புதைத்து, அலகை முதுகிறகில் செருகிக்கொள்ளும். வெம்மை இழப்புக்குரிய வாயில்கள் எல்லாவற்றையும் அதுவே மூடிவிடுகிறது.

நீர் ஒட்டாமைக்குக் காரணம் என்ன என்பதில்மட்டும் அபிப்பிராயம் பிளவுபட்டது. வாலடியிலுள்ள சுரப்பியின் எண்ணெயே காரணம் என்பது பழைய கொள்கை. 1940-களின் நடுவில் கேஸி, பாக்ஸ்டர் என்னும் ஆராய்ச்சியாளர்கள், நீரை விலக்குவதில் இறகிழைகளின் நுண்ணிய இடைவெளி அமைப்பே முதன்மையானது என்று காட்டினர். எண்ணெய், அவ்வமைப்பு உலர்ந்து முறிந்துபோகாமல் காப்பது என்று இரண்டையும் சமரசப்படுத்துவதே இப்போது பொருத்தமாகத் தோன்றுகிறது. பண்ணைக்காரருக்கு இதில் நேரான பயன் உண்டு. சேறும் எச்சமும் அப்பிய இறகு, எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் நீரை விலக்காது. அப்படி நனைந்த வாத்து, இயற்கையின் அத்தனை ஏற்பாடுகளையும் ஒருங்கே இழந்த வாத்து.

இவ்வாதத்தின் பலவீனம் அதன் சாட்சிகளில் இருக்கிறது. 1950-இல் ஸ்கொலாண்டரும் அவர் தோழர்களும் வெளியிட்ட அலாஸ்கா ஆய்வுகள் காட்டுப் பிராணிகளைப் பற்றியவை. வாத்தைப் பற்றிய அளவீடுகளும் பெரும்பாலும் காட்டு மல்லார்டிடம் எடுக்கப்பட்டவை. மல்லார்ட் தாங்க முடியாத இடத்தை விட்டுப் பறந்துவிடும். அதன் வீட்டு வம்சத்ததான கனத்த பெக்கின் வாத்து, வேலிக்குள் இருக்கிறது, பறக்கவும் இயலாதது. காட்டுப் பறவை தப்பிப் பிழைக்கிறது என்பதிலிருந்து வீட்டுப் பறவை சௌக்கியமாயிருக்கிறது என்று முடிவு செய்ய நியாயமில்லை.

அடைத்த கொட்டகையும் திறந்த கொட்டகையும்

இந்த விசாரணையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இதுவே. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் இரட்டைச் சுவரும், கண்ணாடிச் சாளரமும், சில இடங்களில் அடுப்பும் கொண்ட இறுக்கமான கொட்டகைகள் எழுந்தன. கூட்டினுள் வெப்பமானி உயர்ந்து நின்றால் பறவை நலமாயிருக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அதை எதிர்த்து, முகப்பு திறந்த கொட்டகையே எல்லாச் சீதோஷ்ணத்துக்கும் ஏற்றது என்று பிரின்ஸ் வுட்ஸ் என்ற மருத்துவர் 1912-இல் வாதிட்டார். இருளும் ஈரமுமான அடைப்பே சளிநோய்களுக்குப் பிறப்பிடம் என்றார். அவர் பேசியது கோழியைப் பற்றி. வாத்துக்கு அவர் வாதம் இன்னும் வலுவாகப் பொருந்துகிறது.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வாத்தின் எச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். குடிக்கும்போது சிந்துவதும் கோழியைவிட மிக அதிகம். மூச்சுக்காற்றின் ஈரம் வேறு. இறுக அடைத்த கொட்டகையில் இந்த நீராவி போக வழியின்றிக் கூரையின் அடிப்புறத்தில் படிந்து, சொட்டி, கூளத்தை நனைக்கிறது. நனைந்த கூளத்தில் எச்சம் சிதைந்து அம்மோனியா எழுகிறது. கோழிப்பண்ணைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் மேல்வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. கண் எரிந்து கதவைத் திறக்கும் பண்ணைக்காரர், அந்த வரம்பு எப்போதோ கடந்துவிட்டதைத்தான் உணருகிறார். இரவெல்லாம் ஈரக் கூளத்தில் அமர்ந்த வாத்தின் அடிவயிற்றுத் தூவி நசநசத்து, அதில் அகப்பட்டிருந்த காற்று போய் நீர் புகுகிறது. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். ஆகவே வெப்பமானி நான்கு டிகிரி கூடுதலாகக் காட்டும் அதே அறையில், வாத்து கூடுதலாகக் குளிரை அனுபவிக்கிறது. உஷ்ணம் அளிக்கச் செய்த ஏற்பாடே உஷ்ணத்தைப் பறித்துவிடுகிறது.

எனினும் திறந்த கொட்டகை என்றால் காற்று ஊடுருவி அடிக்கும் கொட்டகை என்று பொருளல்ல. வுட்ஸைப் பின்பற்றியவர்களில் பலர் இங்கேதான் தவறினார்கள். பறவையின் உடல்மட்டத்தில் மூன்று புறமும் கெட்டியாக அடைத்து, அதன் தலைக்கு மேலே ஆவி வெளியேற இடைவெளி விடுவதே இரண்டுக்கும் நடுவழி.

கூளத்தைப் பற்றியும் அபிப்பிராயங்கள் உண்டு. 1940-களில் ஓஹையோ ஆராய்ச்சி நிலையத்தில் கென்னார்டும் சாம்பர்லினும் கோழிகளுக்கு ஆழ்கூள முறையை ஆராய்ந்து பரவச் செய்தனர். கூளத்தை வாராமல் மேலே மேலே இட்டுவந்தால் அடியில் நுண்ணுயிர்களின் கிரியையால் சூடு பிறக்கும். வாத்துக் கொட்டகையில் ஈரம் மிகுதலால் அக்கிரியை அழுகலாகத் திரும்புவது எளிது. ஆகவே நாள்தோறும் மேலே புது வைக்கோலைத் தூவும் வழக்கமே அனுபவஸ்தர் பலரிடமும் நிலைத்திருக்கிறது. வைக்கோலின் உட்குழாய்களில் காற்று தங்கும்; ஈரம் அடியில் வடியும். ஒரே நிபந்தனை, அதில் பூஞ்சை பிடித்திருக்கக் கூடாது. பூஞ்சைத் தூள் வாத்தினங்களின் நுரையீரலை எளிதில் பற்றிக்கொள்ளும்.

சூடான கொட்டகைக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட இன்னொரு நியாயம், குளிரில் முட்டை நின்றுவிடும் என்பது. 1920-களில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் வில்லியம் ரோவன், கடுங்குளிரில் திறந்த கூண்டில் இருந்த சிறு பறவைகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டியே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகளை வளரச் செய்தார். 1930-களில் பிரான்சில் ழாக் பென்வா ஆண் வாத்துகளிடமே இதை ஆராய்ந்து, ஒளி மூளையைத் தூண்டும் வழியைக் காட்டினார். முட்டை குறைவதற்கு மாரிக்காலத்தின் குறும்பகல் பெருங்காரணம் என்று இதனால் நிர்ணயமாயிற்று. ஆனால் உண்ட தீனியெல்லாம் உடற்சூட்டுக்கே செலவாகும் நிலையில் முட்டைக்கு மிச்சமிராது என்பதும் உண்மையாதலால், மாலையில் கூடுதல் தானியம் இடும் பழைய வழக்கம் பொருளற்றதன்று.

நீரில் விடலாமா?

குளிர்காலத்தில் நீந்த விடுவதை ஒரு சாரார் கொடுமை என்கின்றனர். தடுப்பதே கொடுமை என்கின்றனர் மற்றொரு சாரார். முதல் சாராருக்கு, மேலே சொன்ன உஷ்ணக் கடத்தலே ஆதாரம். இரண்டாம் சாரார் வேறொரு கணக்கைக் காட்டுவர்: காற்று உறைநிலைக்கு இருபது டிகிரி கீழே நிற்கும் நாளிலும் உறையாத நீர் உறைநிலைக்குக் கீழே போகாது, அதனாலேயே காட்டு வாத்துகள் பனிக்கு நடுவே எஞ்சிய நீர்த்திட்டை நாடுகின்றன. இறகு நன்னிலையில் இருக்கும் பறவைக்கு இவ்வாதம் செல்லும். இறகு கெட்ட பறவைக்குச் செல்லாது. ஆனால் குளித்துக் கோதாத பறவையின் இறகு கெடும் என்பதால், வாதம் ஒரு வட்டமாகச் சுழல்கிறது.

தலை முழுகும் ஆழத்துக்கு நீர் வேண்டும் என்பதில்மட்டும் இப்போது கருத்து வேற்றுமை குறைவு. நாசித் துவாரத்தையும் கண்ணையும் கழுவாவிடில் அவை அடைபட்டு நோயுறும். ஐரோப்பியக் கவுன்சிலின் நிலைக்குழு 1999 ஜூனில் ஏற்றுக்கொண்ட பரிந்துரைகளிலும் தலையை நனைக்கப் போதிய நீர் வற்புறுத்தப்பட்டுள்ளது. அந்நீரைக் கொட்டகைக்குள் வைத்தால் கூளம் நனைகிறது; வெளியே வைத்தால் உறைகிறது. நாளுக்கு இரண்டு மூன்று முறை வெந்நீர் ஊற்றி உருக்குவதும், இரவில் நீரை எடுத்துவிடுவதானால் தீனியையும் உடன் எடுத்துவிடுவதும், பெரிய சாதனங்கள் இல்லாதவர் கைக்கொள்ளும் உபாயங்கள்.

மனிதன் மாற்றிய உடல்கள்

இயற்கை போதும் என்ற வாதம் எங்கே நின்றுவிடுகிறது என்றால், மனிதன் தன் விருப்பத்துக்கு உருமாற்றிய இடத்தில். சீனப் பெருவாத்தின் மூதாதை மங்கோலியப் புல்வெளிகளில் பிறப்பது. அதன் அலகடியில் குமிழ் இல்லையென்றே சொல்லலாம். வீட்டுச் சீன இனத்திலும் ஆப்பிரிக்க இனம் எனப்படுவதிலும் அந்தக் குமிழை மனிதர் அழகுக்காகப் பெருக்கினர்; கடுங்குளிரில் முதலில் உறைந்து கருகுவது இறகற்ற அந்தக் குமிழே. ஆறிய பின்னும் ஆரஞ்சு நிறத் தழும்பு அங்கே தங்கிவிடும். 1860-இல் இங்கிலாந்தில் காட்சிக்கு வந்த செபாஸ்டபோல் பெருவாத்தின் சுருண்டு தொங்கும் இறகு, கண்டவர் மனத்தைக் கவரும். மழையும் ஈரப்பனியும் அதன் வழியே தோலுக்குச் சென்றுவிடும். நாம் மணிலா வாத்து என்று சொல்லும் மஸ்கவி, அமெரிக்க வெப்ப மண்டலத்தது. முகத்துச் சிவந்த தசைமடிப்புகள் பனியில் எளிதில் புண்ணாகும். நிமிர்ந்த மெல்லுடலுடைய இண்டியன் ரன்னருக்கு, தடித்த பெக்கினைப் போல உஷ்ணத்தைச் சேமித்து வைக்க உடலில் இடமில்லை.

எல்லாவற்றிலும் துயரமானது, தூவியையே பறித்த வழக்கம். முன் சொன்ன லிங்கன்ஷயரில் ஆண்டுக்கு ஐந்து முறை, மார்ச் 25 தொடங்கிச் செப்டம்பர் 29 வரையில், உயிருள்ள பெருவாத்தின் இறகைப் பிடுங்கினர். பருவம் குளிர்ந்துவிட்டால் ஏராளமாக மடிந்தன என்று பென்னன்டே எழுதி, அதைக் கொடிய வழக்கம் என்று கண்டிக்கிறார். படுக்கையறையில் இடங்கொடுத்த அதே கைகள் மாரியின் வாசலில் போர்வையைப் பறித்தன. இத்தகைய பறவைகளின் விஷயத்தில் இயற்கையைச் சாட்சிக்கு அழைக்க மனிதனுக்கு உரிமை இல்லை. பறித்துக்கொண்ட அளவுக்கு ஈடு செய்வது அவன் கடமை.

குஞ்சுகளைப் பற்றி விவாதம் இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து வாத்து ஆராய்ச்சிக்கூடம் தந்த அளவின்படி முதல் நாள் 30 டிகிரி, இரண்டாம் வார இறுதியில் 23, ஐந்தாம் வார இறுதியில் 13 என்று படிப்படியாகக் குறைக்கலாம். உஷ்ண விளக்கு உரியதாக இருப்பது இங்கேதான். அதையும் வைக்கோலுக்கு எட்டாமல் இரட்டைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

தீராத கேள்விகள்

நன்கு இறகு முளைத்த, உலர்ந்த, பசியற்ற, காற்று தாக்காத வளர்ந்த வாத்துக்குச் செயற்கை உஷ்ணம் தேவையில்லை என்பதைப் பெரும்பாலும் தீர்ந்த முடிவாகக் கொள்ளலாம். ஆனால் எந்தக் குளிர்வரையில் என்பது தீரவில்லை. இறைச்சிக்காக விரைந்து வளரும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட இக்காலப் பெக்கினின் தாங்கும் எல்லையை மல்லார்டின் அளவீட்டிலிருந்து ஊகிப்பது தகாது. தாங்குதலும் சௌக்கியமும் ஒன்றா என்பது அதனினும் கடினமான கேள்வி. பறவையே விரும்பி எதை நாடுகிறது என்று பார்க்கும் சோதனைகள், மாரிக்காலத்து நீர், வைக்கோல், நிழற்கூரை ஆகியவற்றைப் பற்றி இன்னும் விரிவாக நடைபெற வேண்டும்.

பறவைக் காய்ச்சல் இவ்விஷயத்தில் ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. பிரிட்டனில் 2016 டிசம்பரிலும் அதன்பின் பல மாரிக்காலங்களிலும், காட்டுப் பறவைகளின் தொடர்பைத் தடுக்க வீட்டுப் பறவைகளை உள்ளே அடைக்கும்படி அரசு ஆணையிட்டது. திறந்த காற்றும் குளிக்கும் நீரும் இன்றியமையாதவை என்று நூறாண்டு அனுபவம் கற்பித்த பிராணியை, அவ்விரண்டுமே நோய் வரும் வழி என்று சொல்லி மாதக்கணக்கில் கூரையின் கீழ் வைக்க வேண்டியிருக்கிறது. வலையடித்த பக்கச்சுவரும் நீர் சிந்தாத தொட்டியும் எவ்வளவு தூரம் இவ்விரு தேவைகளையும் இணைக்கும் என்பதில் பண்ணைக்காரரும் மருத்துவரும் இன்னும் ஒருமனப்படவில்லை. பகலெல்லாம் ஏரியில் திரிந்து காட்டுப் பறவைகளோடு கலந்து மேயும் காஷ்மீரத்து அன்ஸுக்கு அப்படியொரு ஆணை என்றேனும் வருமானால், ஏரிக்கரைக் குடும்பம் அந்த நாற்பது நாளையும் எப்படிக் கடத்தும் என்பதற்கு, லிங்கன்ஷயரிலும் அமெரிக்காவிலும் உருவான விதிகள் எதுவும் நேராகப் பொருந்தா. அங்கேயே, அந்தப் பறவையிடமே எடுக்கப்படும் அளவீடுகள் வேண்டும்.